பாட்டிலில் வளரும் ஈ... நம் நோய்க்குச் சொல்லும் சேதி!

மேஜை மேல் வைத்த வாழைப்பழம் கொஞ்சம் அதிகமாகக் கனிந்துவிட்டால் போதும். எங்கிருந்துதான் வருமோ, எள்ளளவு ஈக்கள் பத்து இருபது வந்து பழத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். 'சீ, சனியன்!' என்று கையை வீசி விரட்டுவோம். பழத்தைத் தூக்கி ஃப்ரிட்ஜுக்குள் வைப்போம்.

அதே ஈயைத்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் சமைத்துப் போட்டு, ஏ.ஸி. அறையில் குடிவைத்து, குலம் கோத்திரமெல்லாம் எழுதி வைத்து வளர்க்கிறார்கள்!

'ஈயைப் போய் வளர்ப்பார்களா? வேறு வேலை இல்லையா?' என்றுதானே கேட்கிறீர்கள்? நிறக்குருடு ஏன் அம்மா வழியாக மகனுக்கு வருகிறது, தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்காதீர்கள் என்று ஏன் சொல்கிறார்கள், நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்குப் பகலில் ஏன் தூக்கம் பிடிப்பதில்லை... இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடியவர்கள் போய் நின்றது இந்த ஈயின் வாசலில்தான்.

ஏன் ஈ?

இதன் விஞ்ஞானப் பெயர் ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். சுருக்கமாகப் பழ ஈ. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு சின்னப் பாட்டிலில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். செலவு ரொம்பக் குறைவு.

25 டிகிரி வெப்பத்தில் வைத்தால், முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, அது ஈயாக வெளியே வர சுமார் 10 நாள்தான் ஆகும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் போடும். மனிதர்களில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையைப் பார்க்க அறுபது, எழுபது வருஷம் வேண்டும். ஈயிடம் அதே கணக்கு ஒரு மாதத்தில் முடிந்துவிடும்!

இன்னொரு பெரிய காரணமும் உண்டு. நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். ஈக்கு வெறும் 4 ஜோடி. ஆனால், மனிதருக்கு நோய் உண்டாக்கும் ஜீன்களில் சுமார் 75 சதவிகிதத்துக்கு அதே சாயலில் ஒரு ஜீன் இந்த ஈயிடமும் இருக்கிறது. உருவத்தில் ஒட்டு உறவே இல்லை. ஆனால் செல்லுக்குள் நடக்கிற அன்றாடக் குடும்ப நிர்வாகம் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் சமையல்!

ஈ ஆராய்ச்சிக்கூடத்தில் முதல் வேலை அடுப்பு வேலைதான். மக்காச்சோள மாவு, சர்க்கரை அல்லது கரும்புப் பாகு, ஈஸ்ட் இவற்றைத் தண்ணீரில் போட்டுக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். கெட்டியாக உறைவதற்கு அகர் அகர்... ஆமாம், நீங்கள் ரம்ஜான் நாளில் சாப்பிடுகிற கடல்பாசிதான்! கூழ் பதம் வந்ததும் இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு, பூசணம் பூக்காமல் இருக்க புரோப்பியோனிக் அமிலம் மாதிரி ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி, மெல்லிய துணி போட்டு மூடி ஆற விடுகிறார்கள்.

ஆறியதும் ஈக்களை உள்ளே விட்டுப் பஞ்சால் வாயை அடைத்தால் குடித்தனம் ஆரம்பம். கூழின் மேலே முட்டை. ஒரே நாளில் புழு. புழுக்கள் கூழைத் துளைத்துத் துளைத்துத் தின்னும். பிறகு பாட்டில் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து ஈ வரும். சொந்த வீடு, சாப்பாடு, தொட்டில் எல்லாம் அந்த ஒரு பாட்டில்தான்.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் இந்த 'மாமியார் வேலை'க்கு லீவே கிடையாது. கூழ் ஈரமாகிவிட்டால் ஈக்கள் ஒட்டிக்கொண்டு செத்துப் போகும். காய்ந்துவிட்டால் புழுவுக்குத் தீனி இல்லை. பூசணம் வரலாம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத உண்ணிப் பூச்சிகள் ஒரு பாட்டிலில் புகுந்தால் அலமாரி முழுவதும் பரவிவிடும். அதனால் வெளியூரிலிருந்து வருகிற புது ஈக்களை உடனே மற்ற ஈக்களோடு சேர்க்க மாட்டார்கள். அம்மை வந்த பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது மாதிரி, கொஞ்ச நாள் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுமதி.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ப்ளூமிங்டன் என்ற ஊரில் ஓர் 'ஈ வங்கி' இருக்கிறது. 70,000-க்கும் மேற்பட்ட ஈ வம்சங்கள் அங்கே உயிரோடு இருக்கின்றன. விதை நெல் மாதிரி மூட்டை கட்டிப் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு வம்சத்தையும் சில வாரங்களுக்கு ஒரு முறை பழைய பாட்டிலிலிருந்து புதுப் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்ற மறந்தால் ஒரு வம்சமே அழிந்துபோகும்.

கல்யாணம் செய்து வைக்கும் விஞ்ஞானிகள்

ஆராய்ச்சியின் உயிர்நாடியே எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்பதுதான். ஜாதகம் பார்ப்பதைவிடக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்!

ஒரு பெண் ஈ ஒரே ஒரு முறை ஆணோடு சேர்ந்துவிட்டாலும், அந்த விந்தை உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொண்டு பல நாட்களுக்கு முட்டை போடும். அப்புறம் யார் அப்பா என்ற கணக்கே குழம்பிவிடும். நல்ல வேளையாக, கூட்டிலிருந்து வெளியே வந்த பெண் ஈ முதல் 8 மணி நேரம் வரை ஆணை அண்ட விடுவதில்லை. அதற்குள் பிரித்து எடுத்துவிட வேண்டும். அதனால்தான் ஈ ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று ஞாயிற்றுக்கிழமைகூட லேபுக்கு ஓடுகிறார்கள்.

பிரிப்பது எப்படி? துளைகள் உள்ள ஒரு தட்டின் வழியே கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தினால் ஈக்கள் மயங்கி விழும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிப் பிரிக்க வேண்டியதுதான். ஆண் சற்றுச் சின்னது. வயிற்று நுனி கருப்பாக இருக்கும். முன்னங்காலில் குட்டிச் சீப்பு மாதிரி ரோமங்களும் உண்டு. பெண்ணுக்கு அது கிடையாது.

வெள்ளைக் கண் ஈ

இந்தக் கலையை உலகப் புகழ் பெறச் செய்தவர் தாமஸ் ஹன்ட் மார்கன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 16 அடிக்கு 23 அடி அளவில் ஓர் அறை. அதற்குள் எட்டு மேஜைகள். சுற்றிலும் பால் பாட்டில்களில் ஈக்கள். ஆரம்பத்தில் ஈக்குத் தீனி வாழைப்பழம்தான். அழுகிய பழ வாசனை எப்போதும் வீசுமாம். 'ஈ அறை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

பழ ஈயின் கண் சிவப்பு. 1910-ல் மார்கன் ஒரு பாட்டிலில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈயைப் பார்த்தார். அதைச் சிவப்புக் கண் பெண்களோடு சேர்த்தார். பிறந்தவை ஏறக்குறைய எல்லாமே சிவப்புக் கண். அந்தப் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தார். பேரப் பிள்ளைகளைப் பொறுமையாக எண்ணினார். சிவப்புக் கண் பெண்கள் 2,459. சிவப்புக் கண் ஆண்கள் 1,011. வெள்ளைக் கண் 782... அத்தனையும் ஆண்!

ஏன் ஆணுக்கு மட்டும்? கண் நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விடை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கிப் பிடிக்கும். ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து வந்தது. அதில் பழுது இருந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

மனிதர்களிலும் சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குருடும், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவும் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகின்றன. நன்றாகப் பார்வை தெரியும் அம்மாவுக்கு நிறக்குருடுள்ள மகன் பிறப்பது இதனால்தான். இதில் அம்மா செய்த தப்பு எதுவும் இல்லை. கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், எதைப் பார்த்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இப்படிப்பட்ட ஒரு ஜீனைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் அது வருவதற்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவ்வளவுதான் கணக்கு.

மார்கனின் மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆல்ஃப்ரெட் ஸ்டர்டிவண்ட் 1911-ல் கல்லூரி ஹோம்வொர்க்கை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே இரவில் குரோமோசோமில் எந்த ஜீன் எங்கே என்று காட்டும் உலகின் முதல் வரைபடத்தைப் போட்டார். வாழைப்பழத்துக்குப் பதில் மக்காச்சோளக் கூழை நிலைநாட்டியவர் கால்வின் பிரிட்ஜஸ். 1933-ல் நோபல் பரிசு மார்கன் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவர் பரிசுப் பணத்தைத் தன் பிள்ளைகளோடு அந்த இருவரின் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்.

எக்ஸ்ரே எச்சரிக்கை

அதே ஈ அறையில் பயின்ற ஹெர்மன் முல்லர், டெக்ஸாஸில் 1927-ல் ஈக்கள் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார். ஜீன்களில் பழுது வழக்கத்தைவிட சுமார் 150 மடங்கு அதிகமாக ஏற்பட்டது. அந்தப் பழுது பிள்ளைகளுக்கும் போனது. 'எக்ஸ்ரேயை விளையாட்டாக எடுக்காதீர்கள்' என்று டாக்டர்களிடம் கடைசி வரை வாதாடினார். 1946-ல் அவருக்கும் நோபல்.

பயந்துவிடாதீர்கள். முல்லர் ஈக்களுக்குக் கொடுத்தது ஏராளமான கதிர். நெஞ்சு எக்ஸ்ரேயில் நம் மீது படுவது மிகமிகக் கொஞ்சம். டாக்டர் அவசியம் என்று சொன்னால் தாராளமாக எடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே ஓடும் கடிகாரம்

ஈ கூட்டை உடைத்துக்கொண்டு வெளிவருவது பெரும்பாலும் விடிகிற நேரத்தில்தான். இருட்டறையில் வைத்தாலும் நேரம் பார்த்து வரும்! கலிஃபோர்னியாவில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் 1971-ல் மூன்று விசித்திரமான ஈ வம்சங்களை அறிவித்தார்கள். ஒன்றுக்கு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொன்றுக்கு 28 மணி. மூன்றாவதுக்கு நேரம் காலமே இல்லை. மூன்றிலும் பழுதானது ஒரே ஜீன்தான்! அதற்கு 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள். அது வேலை செய்யும் விதத்தைப் பிரித்துக் காட்டிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் நோபல்.

நமக்கும் அதே கடிகாரம் உண்டு. அமெரிக்காவில் ஒரு குடும்பத்தில் பலர் ராத்திரி ஏழரை மணிக்கே தூங்கி, விடிகாலை நாலரைக்கு விழித்துக்கொள்வார்கள். சோதித்தபோது ஈயின் 'பீரியட்' ஜீனுக்குச் சொந்தக்கார ஜீன் ஒன்றில் பழுது இருப்பது 2001-ல் தெரிந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலில் புரண்டு புரண்டு படுப்பது சோம்பலோ, பாசாங்கோ இல்லை. உடம்புக் கடிகாரம் 'இது விழித்திருக்கும் நேரம்' என்று மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, வீட்டார் சத்தத்தைக் குறைத்து, அவருக்கு 'ராத்திரி'யை உண்டாக்கிக் கொடுப்பதுதான் உதவி.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் பழ ஈக்களின் உயிர்க் கடிகாரத்தை ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன், பிறகு மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தவர். வௌவால்களையும் மனிதர்களையும் வைத்து அங்கே ஆராய்ச்சி நடந்தது. பின்னர் பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் அவரும் சக விஞ்ஞானிகளும் ஒரு வேடிக்கையான கேள்வி கேட்டார்கள். இரவே இல்லாமல், ஓயாத வெளிச்சத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஈக்களுக்குக் கடிகாரம் மறந்து போகுமா? 600 தலைமுறைக்குப் பிறகும் மறக்கவில்லை என்று 1999-ல் எழுதினார்கள். மனிதக் கணக்கில் 600 தலைமுறை என்றால் சுமார் 15,000 வருஷம்! நாலு மாதம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு 'உடம்பு பழகிவிடும்' என்கிறோமே!

பெயர் தெரியாத நோய்

ஈக்களில் 'டின்மேன்' என்று ஒரு ஜீன் உண்டு. கதையில் வரும் இதயமில்லாத தகர மனிதனின் பெயர் அது. அந்த ஜீன் இல்லாத ஈக்கு இதயம் உருவாவதே இல்லை. அதற்கு இணையான மனித ஜீனில் கோளாறு இருந்தால் சில குழந்தைகள் இதயத்தில் ஓட்டையோடு பிறக்கின்றன என்று 1998-ல் தெரிந்தது. 'டோல்' என்ற இன்னொரு ஜீன் பழுதான ஈக்களைப் பூசணம் கொன்றுவிடுகிறது என்று பிரான்ஸில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996-ல் கண்டார்கள். நம் உடம்பும் கிருமி வந்ததை முதலில் மோப்பம் பிடிப்பது இதே வகை ஜீன்களால்தான். 2011-ல் நோபல் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் ஒரு தாய் தகப்பனுக்கு எது முக்கியம்? பிள்ளைக்கு வலிப்பு, நடை வரவில்லை, எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, நோயின் பெயரே தெரியவில்லை. ஜீன் டெஸ்ட் எடுத்தால் நிறைய மாற்றங்கள் தெரிகின்றன. அதில் குற்றவாளி எது?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹியூகோ பெல்லன் குழுவினர் இதற்கு ஈயைக் கூப்பிடுகிறார்கள். சந்தேகப்படும் ஜீனை ஈயிடமிருந்து எடுத்துவிடுவார்கள். ஈ நோயாளியாகும். இப்போது மனிதரின் நல்ல ஜீனை ஈக்குள் வைத்தால் பல சமயம் ஈ தேறிவிடும். அதே இடத்தில் குழந்தையிடம் இருந்த மாறுபட்ட ஜீனை வைத்துப் பார்ப்பார்கள். ஈ தேறவில்லையா? குற்றவாளி அகப்பட்டான்!

உடனே மருந்து கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கிறது. அடுத்த குழந்தைக்கும் வருமா என்று சொல்ல முடிகிறது. 'நான் என்ன பாவம் செய்தேனோ' என்று அழுகிற தாய்க்கு, 'உன் மேல் தப்பில்லை அம்மா' என்று அத்தாட்சியோடு சொல்ல முடிகிறது. அது சின்ன விஷயமா?

ஈக்குப் பலித்தால் நமக்கும் பலிக்குமா?

உஷாராக இருக்க வேண்டிய இடம் இது. ஈக்கு நுரையீரல் இல்லை. நம்மைப் போல ரத்தக் குழாய் வலை இல்லை. நோயை ஞாபகம் வைத்துக்கொண்டு போராடும் ஆன்டிபாடி கிடையாது. ஆகவே ஈ சொல்வது துப்பு, தீர்ப்பு இல்லை.

ஓர் உதாரணம். தைராய்டு புற்றுநோயில் ஒரு வகை, 'ரெட்' என்ற ஜீன் கெடுவதால் வருகிறது. அமெரிக்காவில் ராஸ் கேகன் குழுவினர் கெட்டுப்போன அந்த ஜீனை ஈயின் கண்ணில் இயங்க வைத்தார்கள். கண் கரடுமுரடானது. வாண்டெட்டனிப் என்ற மருந்தை ஈயின் தீனியில் கலந்தார்கள். கண் சீரானது! இது வெளிவந்தது 2005-ல். அதன்பின் 331 நோயாளிகளிடம் சோதித்த பிறகே 2011-ல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அப்போதும் அது நோய் வளர்வதைத் தாமதப்படுத்துகிறது, அடியோடு ஒழிக்கவில்லை. இதயத் துடிப்பைப் பாதிக்கும் பக்கவிளைவும் உண்டு.

எனவே, 'பார்க்கின்சனுக்கு மருந்து கண்டுபிடிப்பு!' என்று படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ஈயிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேரிடம்? பக்கவிளைவு என்ன? பதில் தெரியாமல், சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிலத்தை விற்றுக்கொண்டு ஓடாதீர்கள்.

வீட்டில் நோயின் பெயர் தெரியாத குழந்தை இருந்தால், ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். 'அர்த்தம் தெளிவாகவில்லை' என்று இன்று எழுதியிருக்கும் மாற்றத்துக்குச் சில வருஷம் கழித்து அர்த்தம் கிடைக்கலாம். மரபியல் டாக்டரிடம் மறுபடி காட்டிக் கேளுங்கள்.

உங்கள் சமையலறையில் பழ ஈயா?

* பழம் வாங்கி வந்ததும் கழுவித் துடைத்து, மூடி வையுங்கள். அடிபட்ட, கசியும் பழத்தைத் தனியே எடுத்துவிடுங்கள்.

* முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். குப்பைக் கூடையைத் தினமும் காலி செய்யுங்கள். தொட்டிக் குழாய் வாயில் தங்கும் சக்கையையும் ஈரத் துணியையும் கவனியுங்கள்.

* ஒரு டம்ளரில் கொஞ்சம் வினிகர், ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீர். மேலே காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி வையுங்கள். உள்ளே போகும் ஈ திரும்பி வராது. தப்பி ஓடும் ஈக்களைப் பிடிக்க ஆராய்ச்சிக்கூடத்திலும் வினிகர் பொறிதான்!

* இரண்டு நாளில் ஈ குறைந்ததும் விட்டுவிடாதீர்கள். முட்டையிலிருந்து ஈ வர சுமார் 10 நாள் ஆகும். ஆகவே இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.